பன்னிரண்டு கோல்களுக்குப் பின்

தொழிலில் தோல்வி காணாதவர் எவருமிலர். கூட்டலில் தவறிய குமாஸ்தா தம் மேலதிகாரியிடம் தலைகுனிந்து நின்றால் போதும். அளவு தவறிய தையற்காரர் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுப் புதுத் துணிக்கு விலை கொடுத்தால் போதும். கால்பந்தாட்டப் பயிற்சியாளரின் தோல்விக்கோ பல்லாயிரம் கண்கள் சாட்சியாகின்றன. மறுநாள் காலையில் அஃது எண்களாக அச்சேறுகிறது. எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அந்த எண்கள் மங்குவதில்லை. அத்தகைய ஓர் எண்ணைத் தம் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டு, அதன் பின்னும் முப்பத்துநான்கு ஆண்டுகள் அதே தொழிலில் நிலைத்து நின்ற ஒரு ஜெர்மானியரைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். கால்பந்தாட்டத்தில் நாட்டமில்லாத வாசகியரும் சற்றுப் பொறுமையோடு உடன் வரவேண்டுகிறேன். ஆட்டத்தின் விதிகளை ஆங்காங்கே விளக்கிச் செல்வேன்.

1978ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், சனிக்கிழமை. மேற்கு ஜெர்மனியின் முதற்பிரிவுப் போட்டியாகிய பண்டஸ்லீகாவின் கடைசி நாள். பதினெட்டுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் முப்பத்துநான்கு ஆட்டங்கள் ஆடி, மிகுந்த புள்ளிகள் பெற்ற சங்கம் வாகை சூடும். இரண்டு சங்கங்கள் சமமான புள்ளிகளோடு நின்றால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து, எவருக்கு மிச்சம் அதிகமோ அவரே வெற்றியாளர். நம் வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போன்றதுதான். அன்று கொலோன் சங்கமும் மூன்ஷன்கிளாட்பாக் சங்கமும் சமமான புள்ளிகளோடு நின்றன. ஆனால் கோல் கணக்கில் கொலோன் பத்துக் கோல்கள் முந்தியிருந்தது. ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல் இடைவெளியை எட்டிப் பிடிப்பது நடவாத காரியம் என்றே யாவரும் எண்ணியிருந்தனர்.

மூன்ஷன்கிளாட்பாக்கின் ஆட்டம் டூசல்டார்ஃப் நகரத்து ரைன் அரங்கில் நடைபெற்றது. எதிரணி டார்ட்முண்ட். இடைவேளையின்போதே ஆறு கோல்கள் விழுந்துவிட்டன. இடைவேளைக்குப் பின் இன்னும் ஆறு. யுப் ஹெயின்கஸ் என்ற ஒருவரே ஐந்து கோல்களை அடித்தார். பன்னிரண்டுக்குப் பூச்சியம்! பண்டஸ்லீகாவில் இன்றளவும் அதனை விஞ்சிய வெற்றி இல்லை. கொலோன் சங்கமும் அன்று தன் ஆட்டத்தை ஐந்துக்குப் பூச்சியம் என்று வென்றிருந்தமையால், மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டம் கொலோனுக்கே சென்றது. ஆகவே அந்தப் பன்னிரண்டு கோல்களும் அடித்தவர்க்கும் பயன்படவில்லை. வாங்கியவர்க்கு மட்டும் அவை ஆறாத வடுவாயின.

டார்ட்முண்ட் அணியின் பயிற்சியாளர் அன்று முப்பத்தொன்பது வயதினரான ஓட்டோ ரேஹாகல். மறுநாளே அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆட்டம் விலைபோயிற்றோ என்ற ஐயம் எங்கும் எழுந்தது. விசாரணையில் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. பத்திரிகைகள் வேறு விதத்தில் தண்டனை கொடுத்தன. ஜெர்மன் மொழியில் 'ஹாகல்' என்பதற்கு ஆலங்கட்டி மழை என்று பொருள். 'டோர்' என்றால் கோல். ரேஹாகல் என்னும் குடும்பப் பெயரைச் சற்றே திருகி 'டோர்ஹாகல்' என்று எழுதினார்கள். கோல்மழை ஓட்டோ! பிறந்த பெயரே ஏளனத்துக்கு இடங்கொடுத்துவிட்ட அவலம் அது.

இவர் எங்கிருந்து வந்தவர்? ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த ரூர் பகுதியில், எஸ்ஸன் நகரத்து ஆல்ட்டனெஸ்ஸன் என்னுமிடத்தில், 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் பிறந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன். பள்ளிக்குப் பின் அவர் கற்ற தொழில் வர்ணம் பூசுவது; சுரங்கத்திலேயே அந்த வேலையும் பார்த்தார். மாலை வேளைகளில் சங்கத்துத் திடலில் பந்து. பின்னாளில் எத்துணைப் புகழ் வந்தபோதும் அவர் பேச்சில் அந்தச் சுரங்கத்து மண் ஒட்டிக்கொண்டே இருந்தது என்பர். தூரிகை பிடித்த கை என்பதாலோ என்னவோ, பின்னாளில் நாடகத்திலும் இலக்கியத்திலும் பெரும் பற்றுக் கொண்டு, செய்தியாளர்களிடையே கதே, ஷில்லர் என மேற்கோள் காட்டத் தொடங்கிவிடுவார். ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு இது வியப்பாகவும் சில வேளை எரிச்சலாகவும் இருந்ததுண்டு.

ஆட்டக்காரராக அவர் ஒளிவீசும் நட்சத்திரம் அல்லர். தடுப்பாட்டக்காரர், எதிரியின் காலோடு ஒட்டிக்கொண்டு விடாமல் தொல்லை கொடுக்கும் வகையினர். 1963ஆம் ஆண்டு வரை ஜெர்மனியில் வட்டாரப் போட்டிகளே நடந்துவந்தன. அவ்வாண்டுதான் நாடு முழுவதற்குமாகப் பதினாறு சங்கங்களோடு பண்டஸ்லீகா தொடங்கிற்று. ஆகஸ்ட் 24ஆம் நாள் நடந்த முதல் நாள் ஆட்டங்களிலேயே பெர்லின் நகரத்து ஹெர்த்தா சங்கத்துக்காக ரேஹாகல் களமிறங்கினார். பின்னர் 1966 முதல் 1972 வரை கைசர்ஸ்லாட்டர்ன் சங்கம். மொத்தம் 201 ஆட்டங்கள், 22 கோல்கள். நாட்டின் தேசிய அணியில் ஒரு முறையேனும் இடம் பெற்றாரில்லை. வாசகர்கள் ஹெர்த்தா, கைசர்ஸ்லாட்டர்ன் என்னும் இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவை மீண்டும் வரும்.

1972க்குப் பின் பயிற்சியாளர் வாழ்வு. சார்புரூக்கன், ஆஃபன்பாக், பிரேமன், டார்ட்முண்ட், பீலஃபெல்ட், டூசல்டார்ஃப் என ஒன்பதே ஆண்டுகளில் ஆறு ஊர்கள். திருவிழாக் கடை போட்டவர் போல மூட்டை கட்டிய வண்ணமிருந்தார். இடையிடையே மின்னல் கீற்றுகளும் இல்லாமலில்லை. 1974 ஆகஸ்டில், உலகக் கோப்பையை வென்று ஏழு வாரங்களே ஆன பெக்கன்பவர் முதலியோர் ஆடிய பயர்ன் மியூனிக் அணியை இவருடைய எளிய ஆஃபன்பாக் அணி ஆறுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தியது. 1979இல் பீலஃபெல்ட் அணியைக் கொண்டு மியூனிக் நகரத்திலேயே அதே பயர்னை நான்குக்குப் பூச்சியம் என்று வென்றார். ஆயினும் ஆண்டு முடிவில் பீலஃபெல்ட் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 1980இல் டூசல்டார்ஃப் சங்கத்துக்கு ஜெர்மன் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். கோப்பை தந்த கைக்கே ஓலை! இத்தொழிலின் நன்றியுணர்வு அத்தகையது.

1981இல் இரண்டாம் முறையாகப் பிரேமன் நகரத்துக்கு வந்தபோது அச்சங்கம் இரண்டாம் பிரிவில் கிடந்தது. பிரேமன் ஒரு துறைமுக நகரம். பெரும் செல்வம் படைத்த சங்கமன்று. அவ்வாண்டே முதற்பிரிவுக்கு ஏறியது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் ரேஹாகல் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. ஆறு ஊர் மாறியவர் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டார்.

வந்தவுடன் ஓர் இருண்ட நிகழ்ச்சி. 1981 ஆகஸ்டில் பீலஃபெல்டோடு நடந்த ஆட்டத்தில், பிரேமன் தடுப்பாட்டக்காரர் சீக்மன் என்பவரின் காலணி ஆணி, எவால்ட் லீனன் என்ற எதிரணி ஆட்டக்காரரின் தொடையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. இரத்தம் வழிய, வலியையும் மறந்து எழுந்த லீனன் நேரே ரேஹாகல் இருந்த இடத்துக்கு ஓடி, 'நீரே தூண்டிவிட்டீர்' என்ற பொருள்படக் கூவினார். ரேஹாகல் அதனை மறுத்தார். வழக்குத் தொடரப்படவுமில்லை. ஆயினும் கொலை மிரட்டல்கள் வந்தன. மறு ஆட்டத்துக்குப் பீலஃபெல்ட் சென்றபோது குண்டு துளைக்காத மேலங்கி அணிந்து செல்ல நேர்ந்தது. இவரைப் பற்றிப் புகழுரையாக மட்டும் எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். அது முறையன்று. வெல்வதற்காகக் கடுமை காட்டுவதைக் குற்றமாகக் கருதாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அன்று அவர் சொல்லியதும் சொல்லாததும் அவருக்கே வெளிச்சம்.

பிரேமனில் அவர் அமைத்துக்கொண்ட முறை ஒரு குடும்பத்தின் முறையை ஒத்திருந்தது. அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. 'ஓட்டோவின் ஆட்சி' என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் வெளியார் எவரும் தம் ஆட்டக்காரரைக் குறைகூற விடமாட்டார். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முன் தம் இல்லத்துக்கு அழைத்துக் காப்பி கொடுத்து உரையாடுவாராம். அந்த உரையாடலில் அவருடைய மனைவி பெயாத்தே அம்மையாரும் உடனிருப்பார். பையனின் குணம் எப்படி என்பதில் அம்மையாரின் கணிப்புக்குப் பெருமதிப்பு இருந்தது. பெண் பார்க்கும் சடங்கு நமக்குப் புதிதன்று. பந்தாட்டக்காரர் பார்க்கும் சடங்கு புதிது! விலை மிகுந்த நட்சத்திரங்களை வாங்கப் பணமில்லாத சங்கம் குணத்தைப் பார்த்து வாங்கியது என்று சொன்னால் மிகையாகாது. வயது முதிர்ந்தவர் எனப் பிறர் ஒதுக்கியவர்களை அவர் விரும்பிச் சேர்த்துக்கொண்டார். மன்ஃப்ரெட் புர்க்ஸ்முல்லர் என்பவர் முப்பத்தைந்து வயதில் பிரேமனுக்கு வந்தார். யார் இவர்? 1978இல் பன்னிரண்டு கோல் வாங்கிய அதே டார்ட்முண்ட் அணியில் அன்று ஆடியவர். அவமானத்தில் பங்கு கொண்டவரைப் பயிற்சியாளர் மறக்கவில்லை.

இரண்டாம் பிரிவிலிருந்து வந்த சங்கம் 1983இல் முதலிடத்துக்கு மிக அருகில் சென்றது. ஹாம்பர்க் சங்கத்தோடு சமமான புள்ளிகள். கோல் கணக்கில் பின்தங்கி இரண்டாமிடம். 1985இல் மீண்டும் இரண்டாமிடம். 1986இல் நடந்தது அனைத்தினும் கொடிது.

அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் நாள், கடைசிக்கு முந்திய ஆட்டம். பிரேமன் நகரத்திலேயே, பயர்ன் மியூனிக்கை எதிர்த்து. வென்றால் பட்டம் அன்றே உறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, கோல் எதுவும் விழாத நிலையில், பிரேமனுக்குப் பெனால்டி உதை வழங்கப்பட்டது. பந்து எதிரணியினரின் கையில் பட்டதாக நடுவர் தீர்ப்பளித்தார். உண்மையில் முகத்தில்தான் பட்டதென்று பின்னர்ப் படக்காட்சிகள் காட்டின. பயர்ன் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு வாதாடினர். நிமிடங்கள் கடந்தன. பந்தின் அருகே காத்து நின்றவர் மிஷேல் கூட்ஸோப். அதுவரை பண்டஸ்லீகாவில் பெனால்டி உதையில் ஒன்றையும் தவறவிடாதவர். எதிரே கோல் காப்பாளர் பஃபாஃப் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். பந்து மறுபக்கம் சென்றது. கம்பத்தில் மோதி வெளியே போயிற்று. அரங்கு முழுவதும் ஒரே கணத்தில் ஊமையாயிற்று.

அப்போதும் வாய்ப்பு எஞ்சியிருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்காமலிருந்தால் போதும். ஸ்டட்கார்ட் நகரில் பிரேமன் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது; பயர்ன் தன் ஆட்டத்தை ஆறுக்குப் பூச்சியம் என்று வென்றது. புள்ளிகள் சமம். கோல் கணக்கில் பயர்னுக்குப் பட்டம். கணக்கு வழக்கில் இவர் மூன்று முறை அகப்பட்டுக்கொண்டதை நோக்குங்கள்: 1978இல் பிறர் கணக்குக்குப் பலியானார்; 1983இலும் 1986இலும் தம் சொந்தக் கணக்கில் கழித்தல் குறி விழுந்தது.

கூட்ஸோப் தம் பண்டஸ்லீகா வாழ்வில் தவறவிட்ட பெனால்டி அந்த ஒன்றே. மற்றோர் ஊராயிருந்தால் அவரையும் பயிற்சியாளரையும் அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். பிரேமன் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு சொல் இங்கே நன்றியாகச் சொல்லவேண்டும். மூன்று முறை இரண்டாமிடம் பெற்றவரை நீக்க அவர்கள் எண்ணவில்லை. 'இரண்டாமிடத்து ஓட்டோ' என்று பத்திரிகைகள் எழுதின, சங்கம் காத்திருந்தது. 1988இல் பட்டம் வந்தது. முப்பத்துநான்கு ஆட்டங்களில் இருபத்திரண்டே கோல்கள் வாங்கிய அணி அது. ஒரே பிற்பகலில் பன்னிரண்டு வாங்கியவருடைய அணி! கூட்ஸோப்பும் அவ்வணியில் இருந்தார். முப்பத்தெட்டு வயதான புர்க்ஸ்முல்லரும் இருந்தார்.

அதன் பின் வந்த வெற்றிகளை விரைவாகச் சொல்லிச் செல்கிறேன். 1991இல் ஜெர்மன் கோப்பை. 1992இல் லிஸ்பன் நகரில் மொனாக்கோ அணியை வென்று ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை. 1993இல் மீண்டும் பண்டஸ்லீகா. 1994இல் மீண்டும் ஜெர்மன் கோப்பை. அந்தக் கடைசி வெற்றியில் எதிரே நின்றது, இவர் இளமையில் ஆடிய எஸ்ஸன் நகரத்துச் சங்கம். சொந்த ஊரைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய அன்று அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

1995இல், ஐம்பத்தாறாம் வயதில், அவர் ஒரு பிழை செய்தார் என்பது என் கருத்து. பயர்ன் மியூனிக் அழைத்தது, சென்றார். செல்வமும் நட்சத்திரங்களும் நிறைந்த சங்கம். முதல் ஏழு பண்டஸ்லீகா ஆட்டங்களையும் வென்றார். ஆயினும் வீட்டுத் தலைவர் போல ஆளும் அவருடைய முறை அங்கே எடுபடவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு பத்திரிகை நண்பர். உடைமாற்றும் அறையில் பேசியது மாலையில் அச்சாகி வந்தது. 1996 ஏப்ரல் 27ஆம் நாள், ரோஸ்டாக் அணியிடம் சொந்தத் திடலில் தோற்றதும், அவரை நீக்கினார்கள். அணி அப்போது இரண்டாமிடத்தில் இருந்தது. யூஏஃபா கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் தேறியிருந்தது. அந்த இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு நான்கே நாள்கள் இருந்தன. சங்கத் தலைவர் பெக்கன்பவரே பொறுப்பேற்று அக்கோப்பையை வென்றார். உழுது விதைத்தவர் ஒருவர். களத்துமேட்டில் நெல் அளந்தவர் மற்றொருவர்.

அதே மே மாதத்தில், இவர் முன்பு ஆறாண்டுகள் ஆடிய கைசர்ஸ்லாட்டர்ன் சங்கம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழும் ஊர். குன்றின் மேல் அரங்கு. அந்த அரங்கே ஊரின் பெருமை. மியூனிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர் இரண்டாம் பிரிவு என்றும் பாராமல் அங்கே சென்றார். ஓராண்டில் அணி முதற்பிரிவுக்கு ஏறியது. 1997 ஆகஸ்ட் 2ஆம் நாள், முதற்பிரிவில் அதன் முதல் ஆட்டம். அட்டவணை எதனை விதித்திருந்தது தெரியுமா? மியூனிக் நகரில், பயர்னை எதிர்த்து! டென்மார்க் நாட்டு ஷோன்பெர்க் என்பவர் தலையால் முட்டிய ஒரே கோலினால் கைசர்ஸ்லாட்டர்ன் வென்றது. நீக்கப்பட்டுப் பதினைந்து மாதங்களே ஆன நிலையில், தம்மை அனுப்பிய அரங்கின் புல்தரையில் ரேஹாகல் சிறுவனைப் போல ஓடினார்.

அத்தோடு நின்றிருந்தாலே நல்ல கதை. 1998 மே 2ஆம் நாள், ஓர் ஆட்டம் எஞ்சியிருக்கும்போதே, கைசர்ஸ்லாட்டர்ன் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. ஆண்டு முடிவில் 68 புள்ளிகள். இரண்டாமிடத்தில் 66 புள்ளிகளோடு நின்றது பயர்ன். இரண்டாம் பிரிவிலிருந்து ஏறிய அதே ஆண்டில் பண்டஸ்லீகாவை வென்ற சங்கம் வேறெதுவும் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அங்கும் கசப்பு விளைந்து விலகினார். அறுபத்திரண்டு வயது. ஓய்வு கொள்ளும் பருவம் என்று பலரும் கருதினர்.

2001 ஆகஸ்டில் கிரேக்க நாட்டு அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த நாட்டு மொழி தெரியாது. ஜெர்மன் மொழியும் கிரேக்கமும் அறிந்த தொபாலிதிஸ் என்பவர் துணைப் பயிற்சியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உடன் நின்றார். அதுவரை கிரேக்க அணி 1980இல் ஐரோப்பியப் போட்டியிலும் 1994இல் உலகக் கோப்பையிலும் மட்டுமே தலைகாட்டியிருந்தது. ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை. 1994இல் மூன்று ஆட்டங்களில் பத்துக் கோல்கள் வாங்கி, ஒன்றும் அடிக்காமல் திரும்பியது. ரேஹாகலின் முதல் ஆட்டம் பின்லாந்து நாட்டில். ஐந்துக்கு ஒன்று என்று தோல்வி. பழைய 'கோல்மழை' மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

2004 ஐரோப்பியப் போட்டிக்கான தகுதிச் சுற்றிலும் முதல் இரண்டு ஆட்டங்கள் தோல்வி. பின்னர் ஏதோ மாறியது. அடுத்த ஆறு ஆட்டங்களையும் வென்றது கிரேக்கம். ஸ்பெயினை ஸ்பெயின் மண்ணிலேயே வென்றது. 'முன்பு கிரேக்கர் ஒவ்வொருவரும் தாம் விரும்பியதைச் செய்தனர். இப்போது தம்மால் இயன்றதைச் செய்கின்றனர்' என்று அவர் சொன்னதாகப் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. அவர் கையாண்ட முறை பழையது. எதிரணியின் ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரருக்கும் ஒருவரை நிழல் போல ஒட்டவைப்பது. அவர்களுக்குப் பின்னால் பிழை திருத்த ஒருவரை நிறுத்துவது. ஐரோப்பாவெங்கும் கைவிட்ட முறை இது என்று அறிஞர்கள் நகைத்தனர். வெல்பவனே நவீனன் என்பது அவர் மறுமொழி.

2004 ஜூன் 12ஆம் நாள் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் தொடக்க ஆட்டம். விருந்தளித்த போர்ச்சுகலையே கிரேக்கம் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஸ்பெயினோடு சமன்; ரஷ்யாவிடம் தோல்வி; ஆயினும் அடித்த கோல்களின் எண்ணிக்கையால் நூலிழையில் தப்பியது. அம்முறை கோல் கணக்கு அவர் பக்கம் நின்றது! காலிறுதியில் அப்போதைய ஐரோப்பிய வாகையரான பிரான்ஸ், ஒன்றுக்குப் பூச்சியம். அரையிறுதியில் செக் நாடு. கூடுதல் நேரத்தின் முதற்பாதி முடியும் தறுவாயில் ஒரு கோல். அந்நாளில் இருந்த விதிப்படி அந்தப் பாதியின் முடிவில் முந்தியிருப்பவரே வென்றவர். ஆதலால் செக் அணிக்கு மறுமொழி சொல்லவும் நேரமில்லை. ஜூலை 4ஆம் நாள் லிஸ்பனில் இறுதிப் போட்டி. மீண்டும் போர்ச்சுகல். ஐம்பத்தேழாம் நிமிடத்தில் பசினாஸ் கார்னரிலிருந்து உதைத்த பந்தைக் கரிஸ்தியாஸ் தலையால் முட்டினார். மூன்று ஆட்டங்கள், மூன்று கோல்கள், மூன்றும் தலையால். எதிரணிகளுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கரிஸ்தியாஸ் அப்போது ஆடிவந்த சங்கம் பிரேமன் என்பது ஒரு தற்செயல். ஆனால் இனிய தற்செயல்.

அழகற்ற ஆட்டம் என்று பலர் குறைகூறினர். குறை சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நானும் அந்த ஆட்டங்களைக் கலைக்காகப் பார்க்கச் சொல்லமாட்டேன். ஆயினும் செல்வமும் திறமையும் மிகுந்த அணிகளின் நடுவே, வறிய வீட்டுப் பிள்ளைகள் கதவையும் சன்னலையும் ஒழுங்காகச் சாத்திக்கொண்டு புயலைக் கடந்த காட்சி அது. அயல்நாட்டிலிருந்து வந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளர் அவர். ஏதென்ஸ் நகரில், 1896இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கில், அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகனை மக்கள் கொண்டாடினர்.

அதே போட்டியில் ஜெர்மனி முதற்சுற்றிலேயே வெளியேறியது. அதன் பயிற்சியாளர், பிரேமனில் ரேஹாகலிடம் ஆடிய ரூடி ஃபெல்லர், பதவி துறந்தார். தேசிய அணியில் ஒரு முறையும் ஆட அழைக்கப்படாத ரேஹாகலிடம், அவ்வணியின் பயிற்சியாளராகுமாறு ஜெர்மன் சங்கத்தார் கேட்டனர். அவர் மறுத்துக் கிரேக்கத்திலேயே தங்கினார். 2010 ஜூன் 17ஆம் நாள் நைஜீரியாவை வென்று, உலகக் கோப்பையில் கிரேக்கம் தன் முதல் கோலையும் முதல் வெற்றியையும் கண்டது. அப்போட்டியோடு அவர் விடைபெற்றார். கடன் நெருக்கடியால் கிரேக்கருக்கும் ஜெர்மானியருக்கும் மனக்கசப்பு முற்றியிருந்த 2013இல், ஜெர்மன் அரசு நல்லுறவுக்காக ஏதென்சுக்கு அனுப்பிவைத்தது இவரைத்தான். அரசியல்வாதிகளைத் தெருவில் ஏசிய மக்கள் இவரை ஏசமாட்டார்கள் என்று கணித்திருப்பார்கள்.

ஆனால் அதற்கு முன் ஓர் ஆண்டு, 2012 பிப்ரவரியில், எழுபத்துமூன்று வயதில், அவர் இன்னொரு முறை அழைப்பை ஏற்றார். 1963இல் பண்டஸ்லீகாவின் முதல் நாளன்று இவர் ஆடிய ஹெர்த்தா சங்கம் இறங்கும் தறுவாயில் தத்தளித்தது. பழைய கடனுக்காகவோ பழகிய கால்களின் அரிப்பினாலோ, போனார். முதல் ஆட்டமே தோல்வி. எப்படியோ கடைசி வாய்ப்பான தகுதி ஆட்டங்கள் வரை அணியை இழுத்துக்கொண்டு வந்தார். எதிரணி, 1980இல் இவர் கோப்பை பெற்றுத் தந்த டூசல்டார்ஃப். பெர்லினில் நடந்த முதல் ஆட்டத்தில் ஹெர்த்தா இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது.

இரண்டாம் ஆட்டம் மே 15ஆம் நாள் டூசல்டார்ஃப் நகரில். பழைய ரைன் அரங்கு இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய அரங்கு எழும்பியிருந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு கோல்கள் விழுந்த அதே மண். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நிற்க, முடிவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கையில், முடிந்துவிட்டதென்று எண்ணிய மக்கள் வெள்ளம் களத்துக்குள் புகுந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினர். இருபது நிமிடங்களுக்குப் பின், புல்தரையைத் துப்புரவு செய்து, எஞ்சியிருந்த அந்தச் சிறு பொழுதை ஆடி முடிக்க அவர்கள் திரும்பி வந்தனர். ரேஹாகல் எல்லைக்கோட்டருகே நின்றார். நடுவர் ஊதினார். ஹெர்த்தா இறங்கியது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்டஸ்லீகா ஆட்டங்களில் பங்குகொண்ட அந்த முதியவர் பயிற்சியாளராக நின்ற கடைசி ஆட்டம் அதுவே.